ஈரத்தில் நிற்கும் தெரு

மதகக்காவுக்கு உட்காரத் தெரியாது. நாற்காலியைக் காட்டினால் அதைத் துடைப்பாள். பாயை விரித்தால் தூக்கி வெயிலில் போடுவாள். சாப்பிடுவதுகூட ஒரு கால் சமையலறையிலும் ஒரு கால் வாசலிலுமாக நின்றபடிதான். "உன் கால்ல சக்கரத்தைக் கட்டி விட்டது யாருடி?" என்று பெற்றவள் திட்டாத நாள் இல்லை. தெருக்கோடியில் நிஜமாகவே ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த ஊரில் அந்தத் திட்டு கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தியது.

ஊர் என்று மரியாதைக்குச் சொல்கிறோமே தவிர, அது ஒரே தெருதான். ஒரு பக்கம் ஆறு. மறு பக்கம் ஆற்றிலிருந்து வெட்டிய வாய்க்கால். நடுவில் சதுப்பு நிலம். நல்ல புத்தி உள்ளவர்கள் அங்கே மாட்டைக்கூடக் கட்ட மாட்டார்கள் என்பதால் நிலம் மலிவாகக் கிடைத்தது. மலிவாகக் கிடைத்ததால் மாவு ஆலை முதலாளி அங்கேயே கட்டினார். தெருவின் இந்தக் கோடியில் மதகு, அந்தக் கோடியில் மூன்று மாடி ஆலை, இடையில் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும் வரிசை வீடுகள். மதகைத் திறந்தால் தண்ணீர் வீடுகளின் முதுகுப்புறமாக ஓடி ஆலைச் சக்கரத்தில் விழும். சக்கரம் சுற்றினால் கல் சுற்றும். கல் சுற்றினால் தெருவில் அடுப்பு எரியும். ஊரின் வரலாறு இவ்வளவுதான். மிச்சமெல்லாம் யார் யாரோடு சண்டை போட்டார்கள், எதற்காக, பிறகு எப்போது பேசினார்கள் என்கிற விவரம்.

ஆலைத் தெருக்காரர்களைப் பட்டணத்தில் சுலபமாக அடையாளம் கண்டுவிடலாம். என்னதான் தேய்த்துக் குளித்தாலும் புருவத்தில் ஒரு வெள்ளை ஒட்டியிருக்கும். கல் அரைக்கிற சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள், அதனால் அவர்கள் பேருந்தில் ரகசியம் சொன்னால் ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பார். வீடுகளுக்கும் ஓர் அடையாளம் இருந்தது. சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை ஒரு கறுப்பு ஈரப்பட்டை. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் அடுத்த மழைக்குள் அது பழைய இடத்துக்கு ஏறி நின்றுவிடும். அலமாரி, கண்ணாடி, கடிகாரம் எல்லாம் அந்தப் பட்டைக்கு மேலேதான் மாட்டவேண்டும். செருப்பில் பூஞ்சை, பெட்டியில் பூஞ்சை, கல்யாணத்துக்கு எடுத்த துணியில் பூஞ்சை. புது மருமகள்கள் வந்த முதல் வாரம் அழுவது புகுந்த வீட்டை நினைத்து அல்ல, பூத்துப்போன சேலைத் துணியை நினைத்துத்தான்.

மதகு, அவள் அப்பா பார்த்த வேலை. அவருக்குப் பிறகு அவள், அதனால்தான் மதகக்கா. பெண்பிள்ளையாயிற்றே என்று ஆலை மேலாளர் முதலில் மென்று முழுங்கினார். அவள் கைப்பிடியைத் திருகுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். மதகுப் பலகையை ஏற்றி இறக்க ஓர் இரும்புக் கைப்பிடி உண்டு. அதை மதகிலேயே விட்டு வைக்க மாட்டார்கள். வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து வாசல் நிலைக்கு மேலே மாட்டிவிட வேண்டும்.

காரணம், ஆலைக்கு அடியில் இருந்த சக்கரக் குழி. அவ்வப்போது தண்ணீரை நிறுத்திவிட்டு, ஆட்கள் குழிக்குள் இறங்கிச் சேறு வாருவார்கள். ஒரு காலத்தில் உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாரோ மதகைத் திறந்துவிட்டார். இறங்கியவர் ஏறவில்லை. அன்றிலிருந்து தெருவுக்கு ஒரு சட்டம். குழியிலிருந்து கடைசியாக ஏறுகிற ஆள் மேலே நின்று "ஏறியாச்சு!" என்று குரல் கொடுக்க வேண்டும். ஆலைப் பக்கத்து முதல் வீட்டு வாசலில் நிற்பவர் அதை வாங்கி அடுத்த வாசலுக்குச் சொல்வார். இப்படி வாசல் வாசலாகக் கைமாறி அந்தச் சொல் மதகுக்கு வந்து சேரும். அது வரும்வரை கைப்பிடி அசையக் கூடாது. முதலாளியே வந்து நின்றாலும் சரி, வானமே இடிந்து விழுந்தாலும் சரி.

அந்தக் குழியில் முதலில் இறங்கிக் கடைசியில் ஏறுகிறவர், தெருவில் எல்லோரும் மூட்டைக்காரர் என்று கூப்பிட்டவர். அப்போது அவர் 'அவர்' இல்லை, வெறும் அவன்தான். இரண்டு மூட்டையை ஒன்றாக முதுகில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடியும் ஏறுவான், மேலே போய்ச் சீட்டியும் அடிப்பான். குழியில் வேலை முடிந்து, சேற்றைக் கழுவி, தலையைத் துவட்டி, ஆற அமரத் தண்ணீர் குடித்த பிறகுதான் "ஏறியாச்சு" என்பான். அதுவரை இவள் மதகில் கைப்பிடியும் கையுமாக நின்று பொசுங்கிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கைப்பிடியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு தெரு முழுக்க நடந்து ஆலைக்கே வந்துவிட்டாள்.

"ஏறினவனுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா? அங்க ஒருத்தி கால் கடுக்க நிக்கறது தெரியலையா?"

"தெரியுமே," என்றான் அவன். "உன்னை ஒரு இடத்துல நிக்க வைக்க இந்த ஊர்ல வேற வழி இருந்தா சொல்லு."

ஆலையே சிரித்தது. அவளுக்கு வந்த கோபத்தில் அவனைச் சக்கரக் குழிக்குள் தள்ளியிருப்பாள், கல்யாணத்தோடு போயிற்று.

ஒரே மகள் பிறந்தாள், படித்தாள், பட்டணத்தில் வேலையும் வீடுமாகப் போய்ச் சேர்ந்தாள். அதற்குள் மூட்டைக்காரருக்கு நெஞ்சு கெட்டுப்போயிற்று. வருடக்கணக்காகச் சுமந்த மாவு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க் குடியேறிவிட்டது. மழைக்காலம் வந்தால் போதும், வீட்டு ஈரமும் உள்ளே இருக்கிற மாவும் சேர்ந்து அவரைப் பாடாய்ப் படுத்தும். படுத்தால் மூச்சு அடைக்கும் என்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே கிடப்பார். "உலர்ந்த இடமா பாத்து வைங்க," என்றார் மருத்துவர். அந்தத் தெருவில் உலர்ந்த இடம் கேட்பது ஆற்றில் இறங்கித் துண்டு கேட்பது மாதிரி. மதகக்கா மருந்தை வாங்கிக்கொண்டு வந்தாள்.

பிறகு ஆலை நின்றது. முதலாளிக்குப் பிறகு ஆலையை நடத்திய கம்பெனி பட்டணத்தில் மின்சார இயந்திரம் வைத்துவிட்டது. வேலை போன வருத்தத்தில் தெரு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் முடிந்ததும் தெரு செய்த முதல் காரியம், கும்பலாக மதகக்காவின் வாசலுக்கு வந்து நின்றதுதான்.

"அக்கா, இனிமே எதுக்கு அந்தத் தண்ணி? அடைச்சு விடுங்க. சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது காஞ்ச சுவரைப் பாத்துடலாம்," என்றார் பக்கத்து வீட்டுத் தராசுக்காரர். ஆலையில் மாவு எடை போட்டவர், எதையும் எடை போட்டே பேசுகிறவர். அவரே அப்படிச் சொன்ன பிறகு என்ன யோசனை? அவள் மதகை அடைத்து, கைப்பிடியை நிலைக்கு மேலே மாட்டினாள்.

வாய்க்கால் வற்றியது. ஒரு கோடைக்குள் கறுப்புப் பட்டை முழங்காலுக்கு இறங்கி, கணுக்காலுக்கு இறங்கி, காணாமலே போயிற்று. ஜனங்கள் போகிற வருகிற வழியில் அவரவர் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். தராசுக்காரர் ஒரு மர அலமாரி வாங்கி அதைத் தரையிலேயே வைத்துவிட்டு, அண்டை அயலாரைக் கூப்பிட்டுக் காட்டினார். மதகக்கா வீட்டில் நடந்தது அதைவிடப் பெரிது. மூட்டைக்காரர் தலையணைகளைத் தள்ளிவிட்டு, தரையில் பாய் போட்டு, மல்லாந்து படுத்துத் தூங்கினார். அவள் வேலைக்கு நடுவே வந்து வந்து எட்டிப் பார்த்தாள். அவர் மார்பு சத்தமில்லாமல் ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

சில வருடம் அப்படிப் போயிற்று. அதற்குள் கம்பெனி ஆலையையும் தெருவையும் இடித்துக் கிடங்கு கட்டப் போவதாகச் செய்தி வந்தது. தெரு கையைப் பிசைந்தது. மதகக்கா செருப்பை மாட்டினாள். ஆலை நின்றதிலிருந்து அவள் காலுக்கு வேலை இல்லாமல் இருந்தது, இப்போது கிடைத்துவிட்டது. பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் குழு ஒன்று பட்டணத்தில் இருப்பதாக மகள் சொன்னாள். அங்கே நடையாய் நடந்தாள். குழுத்தலைவர் கூட்டத்தில் இருக்கிறார் என்றால் வெளியில் நின்றாள், வெளியில் போயிருக்கிறார் என்றால் உள்ளே போய் நின்றாள். அவளுக்குப் பயந்து அவர் பின்வாசல் வழியாகப் போனதாகவும், அங்கேயும் அவள் நின்றதாகவும் தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் கடைசியில் காரியம் நடந்தது. இடிக்கக் கூடாது, ஆலையும் தெருவும் அப்படியே காக்கப்படும், குடியிருப்பவர்கள் குடியிருக்கலாம் என்று முடிவாயிற்று.

"எதுக்கு இவ்வளவு அலையறே?" என்று அன்று மூட்டைக்காரர் கேட்டார்.

"நீங்க படுத்திருக்கீங்களே, இந்த இடத்துக்குத்தான்," என்றாள் அவள். அதில் பொய்யே கிடையாது. மூன்று மாடியும் அரைகல்லும் போனால் அவளுக்கு ஒன்றுமில்லை. அவர் மூச்சு விடுகிற அந்த உலர்ந்த அறைதான் அவளுக்குக் காப்பாற்ற வேண்டிய பழைமை.

குழுவிலிருந்து ஒரு பொறியாளர் பெண் வந்தாள். மகள் வயதுதான், சேற்றுக்கு அஞ்சாத பெண். வீடு வீடாகப் போய்ச் சுவர்களைப் பார்த்தாள். தேட வேண்டிய அவசியமே இல்லாதபடி விரிசல்கள் முன்னால் வந்து நின்றன. உலர்ந்த சுவர் கொஞ்சம் வெடிக்கத்தான் செய்யும் என்று அதுவரை எல்லோரும் சமாதானமாக இருந்தார்கள். தராசுக்காரர் வீட்டுக் கதவு சாத்தாது. ஒவ்வொரு மாதமும் அதை இழைத்து இழைத்துச் சரிசெய்வார்.

"இப்படியே போனா கதவு ஜன்னல் ஆயிடும்," என்று மூட்டைக்காரர் கிண்டல் செய்வார். பொறியாளர் பெண் அதற்குச் சிரிக்கவில்லை. மதகக்காவின் சமையலறையில் ஒரு மூலையைத் தோண்ட அனுமதி கேட்டாள்.

தோண்டினார்கள். கல் வந்தது, கல்லுக்கு அடியில் மரம் வந்தது. சதுப்பில் வீடு நிற்பதற்காக முதலாளி காலத்து ஆட்கள் சேற்றில் அடித்து இறக்கிய மரங்கள். அவற்றில் ஒன்றின் தலையைப் பொறியாளர் பெண் விரலால் கிள்ளினாள். ஊறிய ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது. இன்னும் ஆழத்தில், ஈரச் சேற்றுக்குள் இருந்த பாகத்தில் கத்தியால் குத்தினாள். கத்தி இறங்கவில்லை.

"தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் இந்த மரத்துக்கு ஒண்ணும் ஆகாதும்மா," என்றாள் மெதுவாக. "காத்து பட்டாதான் உளுத்துப் போகும். வாய்க்கால் ஓடின வரைக்கும் இது முழுக்க நனைஞ்சே இருந்திருக்கு. இந்தத் தெரு நின்னதே அந்த ஈரத்துலதான்."

மதகக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "நான்தான் அடைச்சேன்," என்றாள்.

"நாங்கதான் அடைக்கச் சொன்னோம்," என்றார் வாசலில் நின்ற தராசுக்காரர்.

"எங்க ஆளுங்களும் முதல்ல வந்தப்போ, வாய்க்கால் வறண்டிருக்கு, ரொம்ப நல்லதுன்னுதான் சொன்னாங்க," என்றாள் பொறியாளர் பெண். "யாரையும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. மேல்பாகம்தான் கெட்டிருக்கு. இப்பவே தண்ணி விட்டு மரத்தோட தலை முங்கற மாதிரி வச்சா, கெட்டது அதோட நிக்கும். இன்னும் ரெண்டு மழை இப்படியே விட்டா வீடெல்லாம் உக்காந்துடும். அப்புறம் எங்க குழுவால எதையும் காப்பாத்த முடியாது."

"அடியில கான்கிரீட் போட முடியாதா?"

"ஒரு வீட்டுக்குன்னா போடலாம். தெரு முழுக்கப் போட எங்ககிட்ட வசதி இல்லைம்மா."

எல்லோரும் மதகக்காவைப் பார்த்தார்கள். பிறகு, பார்த்தது தப்பு என்பதுபோல் உள்ளே படுத்திருந்தவரின் அறைக் கதவைப் பார்த்தார்கள். தண்ணீர் வந்தால் சுவரில் கறுப்புப் பட்டை வரும், கறுப்புப் பட்டை வந்தால் அவர் நெஞ்சு என்னவாகும் என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. "உங்க முடிவுதான் அக்கா," என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை பேரையும் கூப்பிட்டுத் திட்டவேண்டும்போல் இருந்தது. முடிவை அவள் தலையில் வைத்துவிட்டு நல்லவர்களாகப் போகிறார்கள்!

அதற்குப் பிறகு அவள் இருப்புக் கொள்ளாமல் தவித்ததை ஊரே பார்த்தது. குட்டி போட்ட பூனை மாதிரி மதகுக்கும் ஆலைக்குமாக நடந்தாள். வழியில் ஒவ்வொரு சுவரையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பாள். வீட்டுக்குள் வந்து அவர் மூச்சைக் கேட்பாள். மறுபடி வெளியே போவாள். கைப்பிடியை நிலையிலிருந்து எடுப்பாள், துடைப்பாள், திரும்ப மாட்டுவாள். பாத்திரத்தைக் கழுவிவிட்டு, கழுவியதை மறந்து மறுபடி கழுவுவாள். தெருவைக் காப்பாற்ற அலைந்த அலைச்சலெல்லாம் நினைவுக்கு வந்தது. அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிக் கொடுத்தால், அது திரும்பி அவள் வீட்டு மனுஷனைக் கேட்கிறது! வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு அந்தத் தெருவைப் பிடிக்காமல் போயிற்று. விழட்டுமே, என்றுகூட நினைத்தாள்.

மகள் வீட்டையும் ஒரு நடை போய்ப் பார்த்தாள். மேல்மாடி, லிஃப்ட் கிடையாது. வெயிலும் காற்றும் தாராளமாக வருகிற காய்ந்த வீடு. அவர் கட்டிலை எங்கே போடலாம் என்று கண்ணாலேயே அளந்தாள். அங்கே இருந்த அரை நாளில் மகளின் சாமான்களை எல்லாம் இடம் மாற்றி வைத்தாள்.

"அம்மா, அப்பாவை இங்க அனுப்பு, சரி. நீயும் வந்துட்டா என் வீடு தாங்குமா?" என்று மகள் சிரித்துக்கொண்டே கேட்டாள். அவளுக்கும் தெரியும், மதகைத் திறந்துவிட்டு வந்துவிட முடியாது. ஆற்றில் நீர் ஏறும், இறங்கும். அதிகம் விட்டால் வீட்டுக்குள் வரும், குறைத்தால் மரம் காயும். தினமும் ஆள் நின்று பார்க்க வேண்டிய வேலை. மருத்துவரும் அன்று சொன்னார்: "மேல ஏறிட்டா அவருக்கு நல்லதுதான். ஆனா ஏறி இறங்கற கதை வேண்டாம். ஏறினா ஏறினதுதான்."

மழை நெருங்கியது. ஒரு முற்பகலில் தராசுக்காரர் வந்தார். பின்னாலேயே அவர் மருமகள், கையில் தொட்டிலோடு. அதில் பிறந்து சில மாதமே ஆன பேத்தி.

"ஒண்ணுமில்லை அக்கா. எங்க வீட்டுல அந்தப் பெரிய சுவர் கொஞ்சம் சாஞ்சாப்பல இருக்கு. பகல்ல மட்டும் பாப்பா இங்க இருக்கட்டுமா? உங்க சுவர் இன்னும் நல்லாத்தான் நிக்குது," என்றார். மதகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எடை போட்டுப் பேசுகிற மனுஷர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பது அவளுக்குப் புரிந்தது.

தொட்டிலை மூட்டைக்காரரின் பாய்க்குப் பக்கத்தில் வைத்தார்கள். குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று அவர் வாயில் துண்டை வைத்து இருமலை அடக்கினார். மற்றவர்கள் போன பிறகு அவளை அருகில் கூப்பிட்டார்.

"இங்க பாரு. பாதுகாப்புக் குழுவைக் கேட்டுச் சொல்லு. பாதுகாக்க வேண்டியது சுவரையா, என்னையா?"

"சும்மா இருங்க. உங்களுக்கு எல்லாமே விளையாட்டு."

"விளையாட்டு இல்லைடி. பொண்ணு வீட்டுக்கு என்னை அனுப்பிடு."

"நான் இங்க, நீங்க அங்கயா? எதுக்கு நாம கல்யாணம் பண்ணிக்கிட்டோம்?"

"நீ பஸ்ல வா. உனக்குத்தான் உக்காரத் தெரியாதே, நின்னுக்கிட்டே வரலாம். வாரத்துல ரெண்டு நாள் தராசுக்காரர் மதகைப் பாத்துப்பாரு, கேட்டு வச்சுட்டேன்."

"என்னைக் கேக்காம அவர்கிட்ட கேட்டீங்களா?"

"உன்னைக் கேட்டா நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும்." அவர் தொட்டிலைப் பார்த்தார். "எனக்காகத்தான இந்தத் தெருவைக் காப்பாத்தினே? அப்போ எனக்குக் குடுத்துட்டேன்னு வச்சுக்கோ. என்னுதுன்னா, அதைப் பாப்பாவுக்குக் குடுக்கறேன்."

அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். உங்களுக்கு நெஞ்சே கிடையாது என்றாள், அது அவர் விஷயத்தில் பாதி உண்மையாக இருந்ததால் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அழுகையாக மாறியபோது குழந்தை சிணுங்கியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டிலை ஆட்டினாள். பிறகு மகளுக்குப் போன் செய்தாள்.

தண்ணீர் விடுகிற நாளுக்குக் குழுத்தலைவரே வந்திருந்தார், கூடவே நாலைந்து பெரிய மனிதர்கள். சக்கரக் குழியைத் துப்புரவு செய்ய ஆட்கள் காலையிலேயே இறங்கியிருந்தார்கள். மகள் வண்டி கொண்டுவந்திருந்தாள். மூட்டைக்காரர் அன்று நல்ல சட்டை போட்டுக்கொண்டார். வண்டியில் ஏற்ற அடுக்கியிருந்த தலையணைகளில் ஒன்றை மட்டும் பாயிலேயே விட்டார்.

"இது இங்கேயே இருக்கட்டும். பழைய சாமான் பாக்க வர்றவங்களுக்குக் காட்டு," என்றார்.

வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். "நீ வண்டிகூட வராதே. தண்ணி விடற நேரத்துல மதகுல நிக்க வேண்டியவ நீ." அவள் சரி என்று தலையாட்டினாள். வண்டி தெருமுனையைத் திரும்பும்வரை பார்த்துவிட்டு, நிலைக்கு மேலிருந்து கைப்பிடியை எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனாள்.

நேரம் ஆயிற்று. ஆலைப் பக்கம் தராசுக்காரர் குழியை எட்டிப் பார்த்து, கடைசி ஆளை மேலே இழுத்துவிட்டார். "ஏறியாச்சு!" என்று குரல் கிளம்பியது. மறந்தே போயிருந்த பழக்கம், ஆனாலும் வாசல்களில் நின்றவர்கள் ஒருவர் விடாமல் வாங்கி வாங்கிக் கொடுத்தார்கள். சொல் மதகுக்கு வந்து சேர்ந்தது. சொன்னவர்களில் சிலர் பின்னாலேயே நடந்து வந்து கூடிவிட்டார்கள். மதகக்கா கைப்பிடியைப் பொருத்தினாள். திருகவில்லை.

"என்னம்மா, ஆரம்பிக்கலாமே," என்றார் குழுத்தலைவர்.

"இருங்க."

"குழியில யாரும் இல்லைன்னு சொல்லிட்டாங்களே."

"இன்னும் ஒரு ஆள் ஏறலை," என்றாள் அவள்.

குழுத்தலைவர் ஒன்றும் புரியாமல் பொறியாளர் பெண்ணைப் பார்த்தார். அவளுக்கும் முதலில் புரியவில்லை. மதகின் மேல்கல்லில் வைத்திருந்த போனைப் பார்த்ததும் புரிந்தது. "கொஞ்சம் பொறுங்க சார்," என்று மட்டும் சொன்னாள். பெரிய மனிதர்கள் நிழல் தேடினார்கள். தராசுக்காரர் வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

வெயில் ஏறியது. மதகக்கா கைப்பிடியில் கை வைத்தபடி நின்றாள். காலை மாற்றவில்லை, முந்தானையால் முகம் துடைக்கவில்லை. பட்டணத்து நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும் என்று நினைத்தாள். இப்போது இறங்கியிருப்பார். முதல் மாடி. அங்கே உட்கார நாற்காலி போட்டுவை என்று மகளிடம் சொல்லியிருந்தாள். மூன்று மாடி மூட்டையோடு ஏறிய மனுஷர், வெறும் உடம்போடு ஏற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற காட்சி கண்முன் வந்தது. கைப்பிடியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை. அவள் ஓர் இடத்தில் அசையாமல் இவ்வளவு நேரம் நின்று அந்தத் தெரு பார்த்ததே இல்லை.

போன் அடித்தது.

முதலில் மூச்சுதான் கேட்டது. இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து. அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக் காத்திருந்தாள். வேண்டுமென்றே தாமதிக்கிறாரோ என்றுகூடப் பழைய கோபம் ஒரு கணம் தலைதூக்கியது. பிறகு குரல் வந்தது.

"ஏறியாச்சு."

அவள் போனைத் தராசுக்காரர் கையில் கொடுத்தாள். தெருவைப் பார்த்துத் திரும்பி, கல் அரைக்கிற காலத்துக் குரலில், "ஏறியாச்சு!" என்று கத்தினாள். முதல் வாசல் அதை வாங்கியது. இரண்டாம் வாசல் வாங்கியது. அந்தச் சொல் அதற்கு முன் ஒருநாளும் போகாத திசையில், மதகிலிருந்து ஆலைக்கு, வீடு வீடாகப் போயிற்று. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

கைப்பிடி இறுகிப் போயிருந்தது. இரண்டு கையையும் போட்டு, உடம்பின் மொத்த எடையையும் போட்டுத் திருகினாள். பலகை முனகிக்கொண்டு எழும்பியது. தண்ணீர் முதலில் தயங்கி, பிறகு சருகுகளைத் தள்ளிக்கொண்டு வாய்க்காலுக்குள் நுழைந்து, முதல் வீட்டின் அடிச்சுவரை நனைத்தது. அது அவள் வீடு.

தராசுக்காரர் போனை வாய்க்கால் பக்கமாக நீட்டிப் பிடித்தார். பிறகு காதில் வைத்து, "கேக்குதா?" என்றார்.

அந்தப் பக்கம் இருமல், அதன் பின்னால் சிரிப்பு மாதிரி ஏதோ. தராசுக்காரர் கேட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி அவளிடம் திரும்பினார்.

"கேக்குதாம் அக்கா. உங்களை அப்படியே அங்கேயே நிக்கச் சொல்றாரு."

தண்ணீர் வீடுகளின் பின்னால் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. மதகக்கா கைப்பிடியைப் பிடித்தபடி, சொன்ன இடத்திலேயே நின்றாள்.